விலை வீழ்ந்தது, விழுந்தவர் யார்?

பத்திரிகையின் வர்த்தகப் பக்கத்தை நம்மவரிற் பெரும்பாலோர் படிப்பதில்லை. அரசியற் செய்தி கண்டு சினப்போரும், மண அறிவிப்புக் கண்டு மகிழ்வோரும், எண்கள் வரிசை வரிசையாய் நிற்கும் அப்பக்கம் வந்தவுடன், “இது முதலாளிமாருக்கு உரியது, நமக்கு இதில் என்ன இருக்கிறது?” என்று கடந்துவிடுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு சமூகத்தின் அறநிலையை அறிய விரும்புவோர் முதலிற் படிக்க வேண்டுவது அந்தப் பக்கமே என்பது நமது கருத்து. மேடையில் அறம் பேசுவது எளிது. அறத்தைப் பற்றிய பேச்சே எழாத இடத்தில் ஒருவன் எவ்வாறு பேசுகிறான், எவ்வாறு கணக்கிடுகிறான் என்பதிலேதான் அவனுடைய உள்ளக் கிடக்கை புலனாகும்.

அப்பக்கத்தில் வழங்கும் வாக்கியங்களைச் சற்று உற்று நோக்குவோம். “ரப்பர் விலை வீழ்ந்தது.” “செம்பனை எண்ணெய் விலை சரிந்தது.” “சந்தை சோர்வுற்றது.” “ஆட்குறைப்பு ஏற்பட்டது.” பள்ளியில் இலக்கணம் பயிலும் சிறுவனும் இவற்றின் எழுவாயையும் பயனிலையையும் எடுத்துக் கூறிவிடுவான். விழுந்தது எது? விலை. சோர்ந்தது எது? சந்தை. ஆனால் ஆட்களைக் குறைத்தவர் யார் என்று கேட்டால் அவன் விடை காண மாட்டான். வாக்கியத்தில் அவருக்கு இடமே இல்லை. பழம் காம்பற்று விழுந்தது என்பது போலவும், பொழுது சாய்ந்தது என்பது போலவும், ஆட்குறைப்பும் தானே நிகழ்ந்ததாக அவ்வாக்கியம் கூறுகிறது. ஒருவர் மேசையின் முன் அமர்ந்து, பட்டியலைப் பார்த்து, இத்தனை பேர் வேண்டா என்று கையெழுத்திட்ட செயல் அதில் மறைந்துபோகிறது. இஃது இலக்கணப் பிழையன்று. ஆயினும், செய்தவனை மறைக்கும் பேச்சு நாளடைவில் செய்தவனுக்கே தான் செய்ததை மறக்கச் செய்துவிடும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே நாம் ஆராய விரும்பும் கேள்வி இதுவே. விலை வீழ்ச்சி என்பது மழையும் வெள்ளமும் போல் எவர் மீதும் பொறுப்பு இல்லாத இயற்கை நிகழ்ச்சியா? அன்றி, மனிதர் தீர்மானித்து மனிதர் தலைமேல் இறக்கி வைக்கும் சுமையா?

நம் முன்னோர் தமக்கு நேர்ந்த துன்பத்திற்குக் காரணம் கேட்டால் தலையெழுத்து என்றனர். பசித்தவனிடம் விதி என்று சொல்லிவிட்டால் அவனுக்குச் சோறிடும் கடமை எவருக்கும் இல்லாமற் போகும். அந்த எண்ணத்தை எதிர்த்து நம் சமூகத்தில் அறிவுடையோர் பலர் எத்தனையோ காலம் பேசியும் எழுதியும் வந்தனர். இன்று கற்றோரிற் பலர் தலையெழுத்தை நம்புவதில்லை என்று பெருமிதத்துடன் கூறுகின்றனர். மகிழ்ச்சியே. ஆனால், அதே கற்றோர் “சந்தை நிலவரம் அப்படி, யார் என்ன செய்ய முடியும்?” என்று கூறும்போது, பழைய விதி புதிய சட்டை அணிந்து வந்து நிற்பதை உணர்கின்றனரா என்பது நமக்கு ஐயமாகவே இருக்கிறது.

இக்கேள்விக்கு விடை காண வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. மலாயாவில் நம்மவர் வாழ்வோடு பின்னிக் கிடந்த பால்மரத்தின் வரலாறே போதும்.

பிரேசில் நாட்டிலிருந்து 1876-இல் ஹென்றி விக்கம் என்பார் லண்டனுக்குக் கொண்டுசென்ற விதைகள் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றிலிருந்து வந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைமையை ஏற்ற ரிட்லி என்னும் அறிஞர், மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். மோட்டார் வண்டிகள் பெருகின. சக்கரங்களுக்கு ரப்பர் வேண்டியிருந்தது. 1910-இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. காடுகள் அழிந்தன, தோட்டங்கள் எழுந்தன, தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் வழியாகக் கப்பல் கப்பலாக நம்மவர் வந்து சேர்ந்தனர்.

அதன்பின் 1929-இல் அமெரிக்காவிற் பங்குச் சந்தை நொறுங்கிற்று. மோட்டார் வாங்குவோர் குறைந்தனர். 1932-இல் ஒரு ராத்தல் ரப்பர் லண்டனில் இரண்டு பென்சுக்கும் கீழே இறங்கியது. அஃதாவது, 1910-இல் கண்ட உச்ச விலையில் எழுபதில் ஒரு பங்குகூட இல்லை. மரம் அதே மரம். பால் அதே பால். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, இருட்டில் நிரை பிடித்து, மரம் மரமாய்க் குனிந்து வெட்டி, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து வந்த பெண்ணின் உழைப்பும் அதே உழைப்புத்தான். அவ்வுழைப்பின் விலை மட்டும் எங்கோ கடலுக்கு அப்பால் மாறிவிட்டது.

1920-களின் இறுதியில் முக்கியமான தோட்ட வட்டாரங்களில் ஆடவருக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்டிருக்கு 40 காசு என்று கூலி வகுக்கப்பட்டிருந்தது. மந்தம் வந்த சில ஆண்டுகளுக்குள் ஆடவர் கூலி 30 காசை ஒட்டி இறங்கிற்று. அதுவும் எல்லாருக்கும் கிட்டவில்லை. 1930-க்கும் 1932-க்கும் இடையில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். காட்டை அழித்த கையும், கன்று நட்ட கையும் கப்பலேறித் திரும்பின. பிறந்த ஊரில் நிலமும் இல்லை, வேலையும் இல்லை என்ற காரணத்தாலேயே வந்தவர்கள் அவர்கள். திரும்பிச் சென்றபோது அந்த ஊர் அவர்களுக்காக எதைக் காத்து வைத்திருக்கும்?

இப்பொழுது கேட்போம்: இஃது இயற்கையா, மனிதர் செயலா?

இயற்கை என்பாருக்கு ஒரு நியாயம் உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. அமெரிக்காவில் ஒருவன் மோட்டார் வாங்காததற்குக் கோலசிலாங்கூரில் இருந்த துரை பொறுப்பாளி அல்லன். விற்ற பணம் வெட்டுக் கூலிக்கும் காணாது என்னும் நிலையில், கம்பெனி எங்கிருந்து கொடுக்கும் என்று கேட்கலாம். அக்காலத்தில் பங்குதாரர் பலர் இலாபப் பங்கு காணாமற் போனதும் உண்மை. சொந்தமாக இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்த மலாய்க் குடியானவரும் சீனரும் தம் பாலைத் தாமே வெட்டி நட்டப்பட்டதும் உண்மை. எனவே, வீழ்ச்சி என்பதே ஒரு பொய், முதலாளிகளின் சூழ்ச்சி என்று பேசுவோரோடு நாம் உடன்படவில்லை.

ஆனால், விலை என்பது மனிதர் கை படாத ஒன்று என்பதையும் நாம் ஏற்க இயலாது. 1922-இல் விலை தாழ்ந்து கிடந்தபோது, ஸ்டீவன்சன் திட்டம் என்னும் ஏற்பாட்டைப் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்தது. மலாயாவும் இலங்கையும் இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று அளவு வகுத்தனர். 1925-இல் விலை பன்மடங்கு ஏறிற்று. 1928-இல் அத்திட்டத்தைக் கைவிட்டனர். பின்னர் 1934-இல் பல நாடுகள் கூடி அனைத்துலக ரப்பர்க் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் செய்துகொண்டு மீண்டும் உற்பத்தியை அடக்கினர், விலை நிமிர்ந்தது. எந்தத் தோட்டம் எவ்வளவு வெட்டலாம், சிறு தோட்டக்காரருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் அறைகளில் அமர்ந்த குழுக்கள் முடிவு செய்தவை. அந்த ஏற்பாடுகளில் சிறு தோட்டக்காரருக்கு உரிய பங்கு குறைத்தே கணிக்கப்பட்டது என்பதைப் பொருளியல் அறிஞர் பீட்டர் பாவர் 1948-இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக் காட்டினார்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? விலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியபோது, அதற்கு வழி காண மனிதரால் இயன்றது. நாடுகள் ஒன்றுகூடின, சட்டங்கள் பிறந்தன, அதிகாரிகள் நியமனம் பெற்றனர். ஆனால், கூலியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது மட்டும் சந்தை என்னும் விதியின் மேல் பழி போடப்பட்டது. இயலும் என்பதும் இயலாது என்பதும் எதைக் காக்க விரும்புகிறோம் என்பதைப் பொறுத்து மாறிற்று. இங்கேதான் அறத்தின் கேள்வி தொடங்குகிறது.

இழப்பு வருவது சில வேளைகளில் எவர் குற்றமும் அன்று என்பதை ஒப்புக்கொண்டோம். ஆனால் வந்த இழப்பு எந்த வரிசையில் இறங்க வேண்டும் என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை. மலையில் வீழ்ந்த மழை பள்ளத்தை நோக்கியே ஓடும், அஃது இயற்கை. பள்ளத்தில் குடிசை போட்டு ஒருவனை இருக்கச் செய்ததும், கரை கட்டாமல் விட்டதும் இயற்கையல்ல. நூறு வெள்ளி சேமித்து வைத்திருப்பவனிடமிருந்து பத்து வெள்ளி போனால் அவனுக்குக் குறைவது சேமிப்பு. நாட்கூலி ஒன்றையே நம்பியவனிடமிருந்து பத்துக் காசு போனால் குறைவது அன்றிரவுச் சோறு. இரண்டையும் ஒரே வீழ்ச்சி என்று ஏட்டில் எழுதலாம். இரண்டும் ஒரே துன்பமாகா. தாங்கும் வலியுடையவனிடம் முதலிற் சென்று, தாங்க இயலாதவனிடம் கடைசியாக வருவதே நியாயமான வரிசை. அவ்வரிசை தலைகீழாய் நின்றதே 1930-களின் கதை.

வீழ்ச்சியைப் போலவே ஏற்றத்தையும் பார்க்க வேண்டும். விலை இறங்கியபோது கூலி அதன் பின்னாலேயே ஓடி இறங்கிற்று. ஏறியபோதோ, அது களைத்த மாட்டைப் போல் மெல்ல நடந்தது. 1934-க்குப் பின் விலை தேறி வந்தும் பழைய கூலி உடனே திரும்பி வரவில்லை. 1936-இன் இறுதியில் இந்திய அரசின் சார்பில் சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து, பழைய 50 காசு, 40 காசுக் கூலியை மீட்டளிக்க வேண்டுமென்று பரிந்துரைத்த பின்னரே அது வந்தது. 1938-இல் விலை மீண்டும் தளர்ந்தது. தளர்ந்தவுடன் கூலியும் மீண்டும் குறைந்தது. அவ்வாண்டிலேயே இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் குடியேறுவதைத் தடை செய்தது. தாழும்போது விரைவும் உயரும்போது தாமதமும் காட்டும் ஒரு தராசை, அதன் முள் தானே ஆடுகிறது என்று சொல்லி எவரும் ஏற்றுக்கொள்ள மாட்டார். தராசைப் பிடித்த கையை நோக்கவே செய்வர்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டவற்றை நினைவுகூர்தல் நன்று. சீனத் தொழிலாளருக்கு ஒத்த கூலி கேட்டனர். கொடுமை செய்யும் மேலாட்களை நீக்கக் கேட்டனர். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடக் கேட்டனர். அவற்றோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டனர். இக்கடைசிக் கோரிக்கையைச் சிலர் சிறியதெனக் கருதலாம். நாம் அதனைப் பெரியதென்றே மதிக்கிறோம். கூலி கேட்டவன் தன் உழைப்புக்கு விலை கேட்டான். சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவன், விலைப் பட்டியலில் எழுத முடியாத ஒன்று தன்னிடம் உண்டென்று சொன்னான். ரப்பர் விலை எவ்வளவு தாழ்ந்தாலும் உடன் தாழாத ஒரு மதிப்பு மனிதனுக்கு உண்டு என்பதே அதன் பொருள். அந்தப் போராட்டத்தைத் துப்பாக்கி கொண்டு அடக்கினர், உயிர்கள் போயின, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆயினும் சொல்ல வேண்டியது சொல்லப்பட்டுவிட்டது.

போருக்குப் பின் கொரியச் சண்டையின்போது, 1951-இன் தொடக்கத்தில், ரப்பர் ராத்தல் இரண்டு வெள்ளிக்கு மேல் ஏறிற்று. தோட்டத் தொழிற்சங்கங்கள் பல இணைந்து 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பால்வெட்டுவோர் கூலியை ரப்பர் விலையோடு பிணைக்கும் ஒப்பந்தங்களும் அக்காலத்தில் வந்தன. விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும். இது நியாயமா என்று அன்பர் சிலர் கேட்பதுண்டு. ஏற்றத்திலும் தாழ்விலும் பங்கு என்பது கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. முன்னிருந்த நிலைக்கு இது மேலானதும் ஆகும். ஆனால், பங்கு என்ற சொல் நிறைவு பெற இன்னொன்று வேண்டும். எப்பொழுது விற்பது, எவருக்கு விற்பது, பழைய மரத்தை வெட்டிப் புதுக்கன்று நடுவதா, செம்பனைக்கு மாறுவதா, தோட்டத்தையே துண்டாக்கி விற்றுவிடுவதா என்னும் முடிவுகளில் பால்வெட்டுபவனுக்கு ஒரு சொல்லும் இல்லை. நட்டத்தில் மட்டும் பங்காளி, பேச்சில் அயலான் என்பது பங்காளித்துவம் ஆகாது. எவருடைய உணவு ஒரு முடிவைப் பொறுத்திருக்கிறதோ அவருடைய சொல்லும் அம்முடிவில் இருத்தல் வேண்டும். இதுவே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்பும் அறம்.

இவ்வறத்தைப் பிறருக்குக் கூறுமுன் நம் வீட்டையும் சற்றுப் பார்த்தல் முறை. மந்தக் காலத்தில் நம்மவர் எல்லாரும் துன்புற்ற பக்கத்திலேயே நிற்கவில்லை. தமிழ் வட்டிக் கடைகளிற் கடன் வாங்கியிருந்த மலாய்க் குடியானவர், ரப்பர் விலை விழுந்தபோது தவணை கட்ட இயலாமல் நிலத்தை இழக்கும் நிலைக்கு வந்தனர். அவர்கள் நிலமெல்லாம் கைமாறிவிடும் என்ற அச்சம் பரவி, 1933-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் திருத்தி இறுக்கப்பட்டது. கடன் கொடுத்தவர் பக்கமும் நியாயம் இருந்திருக்கலாம். அவர்களும் பிறர் பணத்தையே புரட்டினர். ஆயினும், “எழுதிக் கொடுத்த பத்திரம் இருக்கிறது, நாம் என்ன செய்வது?” என்ற பேச்சு, “சந்தை நிலவரம் அப்படி. நாம் என்ன செய்வது?” என்ற துரையின் பேச்சுக்கு உடன்பிறப்பே. செய்பவனை மறைக்கும் வாக்கியம் எந்த மொழியில் எழுதினும் ஒன்றுதான்.

இனி நம் காலத்துக்கு வருவோம். இன்று தோட்டத்து லயங்களில் நம்மவர் தொகை மிகக் குறைந்துவிட்டது. பால்மரம் நின்ற இடங்களிற் பெரும்பகுதி செம்பனையாயிற்று. செம்பனை நின்ற இடங்களிற் சில வீட்டுமனையாயின. குலை அறுப்போரிற் பலர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் ஆவர். நம் பிள்ளைகள் அலுவலகத்திலும் ஆலையிலும் பள்ளியிலும் வேலை செய்கின்றனர். 1951-இல் மலாயாவில் தொடங்கிய ஊழியர் சேமநிதியில் அவர்கள் சம்பளத்தின் ஒரு பகுதி மாதந்தோறும் சேர்கிறது. அந்நிதி பங்குகளிலும் பத்திரங்களிலும் முதலிடப்படுகிறது. 2024-ஆம் ஆண்டுக்கு அது 6.30 விழுக்காடு இலாபப் பங்கு அறிவித்தது. அஃதாவது, வர்த்தகப் பக்கம் முதலாளிக்கு உரியது என்று இனி நாம் கடந்துபோக இயலாது. தாத்தா கூலி வாங்கிய பக்கத்தில் நின்றார். பேரன் சிறிய அளவிலேனும் இலாபம் வாங்கும் பக்கத்திலும் நிற்கிறான். இது முன்னேற்றமே, ஆனால் ஒரு பொறுப்பும் இதனோடு வருகிறது.

2020-இல் கொள்ளைநோய் பரவியபோது, மலேசியாவில் ரப்பர்க் கையுறை செய்யும் கம்பெனிகளின் பங்கு விலை விண்ணை முட்டிற்று. நம்மிற் பலர் அன்று பங்குச் சந்தைக் கணக்குத் தொடங்கினர். வாங்கி விற்றுப் பணம் கண்டோரும் உளர், கடைசியில் வாங்கி இழந்தோரும் உளர். அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பு என்னும் ஐயத்தின் பேரில் மலேசியாவின் பெரிய கையுறை நிறுவனம் ஒன்றின் துணைக் கம்பெனிகளிலிருந்து வரும் சரக்கைத் தடுத்தது. வேலை பெறுவதற்காக அயல்நாட்டுத் தொழிலாளர் தம் ஊரில் முகவருக்குக் கட்டிய பெருந்தொகையே அதிற் பேசப்பட்ட முக்கியமான பொருள்களுள் ஒன்று. பின்னர் அந்நிறுவனம் அப்பணத்தைத் தொழிலாளருக்குத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. 2021-இல் தடை நீங்கிற்று.

கடன் பட்டு வேலைக்கு வருவது, கடன் தீரும்வரை வாய் திறவாதிருப்பது, ஆள் சேர்த்தவன் தலைக்கு இவ்வளவென்று காசு பெறுவது ஆகிய இவையெல்லாம் நமக்குப் புதிய செய்திகளா? கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறிய நம் பாட்டனார் கதையன்றோ இது! பெயரும் மொழியும் மாறிவிட்டன, வரிசை மாறவில்லை. அன்று நம் பாட்டனார் கதையைக் கேட்டு அமெரிக்காவில் மோட்டார் வாங்கியவன் கவலைப்படவில்லையே என்று நாம் வருந்துகிறோம். இன்று கையுறைப் பங்கு வாங்கிய நாம், அக்கையுறையை அச்சிலிருந்து உரித்தெடுத்த கையைப் பற்றி எத்தனை முறை கேட்டோம்?

2022-இல் வேறொரு பாடம் கிடைத்தது. செம்பனை எண்ணெயின் விலை டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைக் கடந்து, அதுவரை காணாத உச்சம் தொட்டது. ஆனால் நோயின் காரணமாக எல்லைகள் மூடிக் கிடந்தமையால் தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை. குலை அறுக்கக் கையின்றிப் பழம் மரத்திலேயே வீணாயிற்று. விலை இருந்தது, மரம் இருந்தது, முதல் இருந்தது. கை ஒன்றே இல்லை. கை இல்லாதபோது அத்தனை விலையும் காகிதத்தில் எழுதிய எண்ணாகவே நின்றது. உழைப்பு என்பது செலவுக் கணக்கில் ஒரு வரி மட்டுமே என்று எண்ணியிருந்தோருக்கு, அந்த வரியின்மேல்தான் மற்றெல்லா வரிகளும் நிற்கின்றன என்பதை அவ்வாண்டு காட்டிற்று.

இனி, செய்ய வேண்டுவது என்ன என்று அன்பர்கள் கேட்கலாம். சந்தையை மூடிவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. அது நடவாது, நடந்தாலும் நன்றாகாது. வீழ்ச்சிக்கு அடியில் ஒரு தளம் இருக்க வேண்டும் என்பதே முதற் செயல். மலேசியாவில் 2013-இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்துக்கு மாதம் 900 ரிங்கிட் என்று வகுத்தனர்; அது படிப்படியாக உயர்ந்து 2025 பிப்ரவரியில் 1,700 ஆயிற்று. இத்தொகை ஒரு குடும்பத்துக்குப் போதுமா என்பது வேறு கேள்வி. விலை எங்கு போனாலும் கூலி இதற்குக் கீழே போகலாகாது என்று ஒரு நாடு கோடு கிழிக்க இயலும் என்பது உறுதியாயிற்று. 1932-இல் இயலாது என்று சொல்லப்பட்டது இன்று சட்டமாக நிற்கிறது. அக்கோடு அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் உண்மையில் எட்டுகிறதா என்று பார்த்தல் நம் கடமைகளுள் ஒன்று.

இரண்டாவது, முடிவு செய்யும் மேசையில் இடம் பெறுதல். 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது நம்மவர் ஆயிரக்கணக்கில் வேலையும் வீடும் இழந்தனர். அதற்கு விடையாக 1960-இல் துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தோட்டந்தோறும் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடமே பணம் சேர்த்து, தோட்டங்களையே வாங்கினர். நாட்கூலி வாங்கியவன் அத்தோட்டத்தின் உடைமையாளருள் ஒருவன் ஆனான். எல்லாத் தோட்டங்களையும் அவ்வாறு மீட்க இயலவில்லை. ஆனாலும், விற்பனைச் செய்தியைப் படித்து அழுவது ஒன்றே வழியல்ல, வாங்குபவராக வந்து நிற்பதும் ஒரு வழி என்பதை அவர்கள் காட்டினர். தொழிற்சங்கமும் கூட்டுறவும் நமக்குப் பழங்கதையாகிவிடலாகாது. சேமநிதியில் பணம் வைத்திருப்போர், அப்பணம் எவ்வகைத் தொழிலில் போய் நிற்கிறது என்று கேட்கும் பழக்கமும் வளர வேண்டும்.

மூன்றாவது, மிக எளியது. ஆனால் அன்றாடம் செய்ய வேண்டுவது. வர்த்தகச் செய்தியைப் படியுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். படிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் தேடுங்கள். விலை வீழ்ந்தது என்றால், எவருடைய வருவாய் முதலிற் குறைந்தது, எவருடையது கடைசியில் குறைந்தது என்று கேளுங்கள். ஆட்குறைப்பு ஏற்பட்டது என்றால், குறைத்தவர் யார், குறைந்தவரிடம் கலந்து பேசினரா என்று கேளுங்கள். இலாபம் உயர்ந்தது என்றால், அவ்வுயர்வில் உழைத்த கைக்குச் சேர்ந்தது எவ்வளவு என்று கேளுங்கள். அந்தக் கை தமிழன் கையா, வங்காளி கையா என்பது கேள்வியில் வரலாகாது. நமக்கு நேர்ந்தபோது அநீதி என்றும், பிறர்க்கு நேரும்போது சந்தை நிலவரம் என்றும் பேசுவோமாயின், நம் பாட்டனார் பட்ட துன்பத்திலிருந்து நாம் கற்றது ஒன்றுமில்லை.

இன்றும் உலகின் ரப்பர் வணிகர் அளவுகோலாகக் கொள்ளும் விலைகளுள் ஒன்று சிங்கப்பூர்ச் சந்தையில் உருவாவதே. அந்த எண் ஒவ்வொரு நாளும் மாறும், நாளையும் மாறும். ஏறுவதையும் இறங்குவதையும் முற்றிலும் தடுக்கும் வல்லமை எவருக்கும் இல்லை. இறங்கும் சுமையை எவர் தோளில் முதலில் வைப்பது என்பதோ எப்பொழுதும் மனிதர் முடிவாகவே இருந்துவந்திருக்கிறது. மனிதர் முடிவு என்று தெரிந்துவிட்டால் அதனைக் கேள்வி கேட்கலாம். கேள்வி கேட்கக்கூடியதை மாற்றவும் கூடும்.